போகாத வில்லை

தண்டையார்பேட்டை. டயர்க் கடைக்கு மேலே முதல் மாடி.
மழை வலுத்தால் பேட்டரியை மேசைமேல் ஏற்றிவைப்போம்,
கூரை ஒழுகுவது எங்கே என்று அதற்கும் தெரியும்.
இந்த அறைக்குத்தான் வந்திருக்கின்றன
பதினான்கு நாள் பூமியைச் சுற்றிவிட்டு,
பஞ்சு வைத்த டப்பாவில்,
பத்தொன்பது வில்லைகள்.

லித்தியம் ஃப்ளோரைடு என்று படிவத்தில் எழுதுவோம்.
பேச்சில் ‘பருப்பு’.
உடைத்த உளுந்தைவிடச் சற்றுப் பெரிது.
சில நெஞ்சுப் பையில் இருந்தவை, சில இடுப்பில்,
நான்கு மட்டும் தூங்கும் பையின் தலைமாட்டில்:
அங்கே சுவர் மெலிசாம்.
போட்டிருந்தவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள்.
மூ-2, அவ்வளவுதான்.
வில்லைப் பையின் நாடாவில் பல் பட்ட தடம்.
எதையோ யோசிக்கையில்
மூ-2 அதைக் கடித்திருக்கிறார்.

சூடாக்கினால் வாங்கியதையெல்லாம்
வெளிச்சமாகக் கக்கிவிடும்.
கண்ணுக்கு எட்டாத வெளிச்சம், குழல்தான் எண்ணும்.
திரையில் ஒரு மேடு எழுந்து சரியும்.
அதற்குப் பிறகு அது வெறும் உப்பு.
ஒரு தரம்தான் சொல்லும்.

ஏசுபாதம் சட்டையிலும் இதே உப்பு.
மணலியில் இராத்திரி ஷிப்ட்,
குழாய் பற்றவைத்த இடங்களை
இரிடியம் வைத்துப் படம் எடுக்கிற வேலை.
கல்யாணமான புதிதில்
அந்தச் சட்டையைத் தனியாகத் துவைப்பேன்.
துவைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை என்று
என் படிப்புக்குத் தெரியும், கைக்குத் தெரியாது.
“அவருக்கு எவ்ளோ ஏறிச்சு?” என்றார்.
“ஒரு நாளைக்கு அரை மில்லிசீவர்ட், கொஞ்சம் மேல.”
விரல் மடக்கிப் பார்த்தார்.
“எனக்கு நாலு வருஷத்துல வர்றது.
ரெண்டே வாரத்துலயா? பாவம்.”
கொஞ்சம் பொறுத்து,
“சம்பளம் எவ்ளோ இருக்கும்?”

ஏழாவது வில்லை சூடேறும்போது கரண்ட் போனது.
இன்வெர்ட்டர் வந்தது, வராமல் இல்லை.
மூச்சு விடும் நேரம் தாமதமாக வந்தது.
தட்டு சூடாகவே இருந்தது,
எண்ணும் குழலுக்கு மட்டும் கண் மூடியிருந்தது.
அந்த இருட்டில்
தலைமாட்டில் பட்டதையெல்லாம்
ஒன்று விடாமல் சொல்லி முடித்துவிட்டது பருப்பு.

“ஆறு, எட்டு ரெண்டையும் கூட்டிப் பாதி போடு,
யாரு பாக்கப்போறா?” என்றாள் டெல்ஃபின்.
கெட்ட யோசனை இல்லை.
பக்கத்துப் பக்கத்து வில்லைகள்
அநேகமாக ஒரே கதையைத்தான் சொல்லும்.
பேனாவைத் திறந்தேன்.
நாடாவில் அந்தப் பல் தடம்.
‘அளவு இல்லை. மின்தடை, மாலை 3.42’
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
மேலிருந்து நாளைக்குத் திட்டு வரும், வரட்டும்.

இனிக் கழித்தல்.
போகாத வில்லை ஒன்று உண்டு.
மற்றவற்றோடு பிறந்து, மற்றவற்றோடு சுட்டு,
இந்த மேசை இழுப்பறையிலேயே தங்கிவிட்டது.
செங்கல், கருங்கல், தரை, தலைக்குமேல் வருவதில் மிச்சம் என்று
ஊர் தருவதைச் சும்மா வாங்கிக்கொண்டிருந்தது.
அதன் எண்ணைக் கழித்தால்தான்
வானத்தின் பங்கு எவ்வளவென்று நிற்கும்.
பதினான்கு நாள் தண்டையார்பேட்டை:
பூச்சியம் புள்ளி பூச்சியம் நான்கு.
இவ்வளவுதானா நாம் என்று
ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் அது அறிந்தது அது மட்டும்தான்.
அம்மோனியா வந்த இரவு அதற்குத் தெரியாது.
சாம்பல் குளம் காய்ந்து காற்றில் ஏறும் மே மாதம் தெரியாது.
அதற்கான பருப்பை
எர்ணாவூரில் யார் சட்டையிலும்
இன்னும் யாரும் குத்தவில்லை.

வீடு வரும்போது மணி ஏழு.
கொடியில் காலையில் போட்ட துணி.
ஏசுபாதத்தின் வெள்ளைச் சட்டையை எடுத்து
வாசலுக்கு வெளியே நின்று உதறினேன்.
கறுப்பு விழுந்தது.
மறுபடி உதறினேன், மறுபடி விழுந்தது.
வேலை வாசனை விடாததால்
எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஒன்பது.